கமலவேணியின் கண்

மேசைமேல் இரண்டு பொருள்கள் கிடந்தன. ஒன்று, குளியலறைச் சுவரில் பொருத்துகிற கைப்பிடி. மற்றொன்று, கால் வலுவில்லாத குழந்தைக்கு மாட்டும் காலிப்பரின் பக்கத்தண்டு, கையால் வளைத்த மாதிரி. இரண்டும் ஒன்றுதான் என்று மெஷின் சொல்கிறது. எந்த வகையில் ஒன்று என்று சென்னியப்பன் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். பிடிபடவில்லை.

கைப்பிடி ஒரே குழாய், ஒரே வளைவு. அவ்வளவுதான். திருகு தெரியாது, மூட்டு கிடையாது, அழகுக்கென்று ஒரு கோடுகூட இல்லை. தண்டும் லேசாக வளைந்ததுதான், ஆனால் அதன் நட்டநடுவில், முழங்கால் வருகிற இடத்தில், ஒரு கீல் துருத்திக்கொண்டிருந்தது. கீலுக்கு ஒரு கொக்கிப் பூட்டு. பூட்டைத் தூக்கினால் தண்டு மடங்கும், குழந்தை உட்காரலாம். எழுந்து நின்றால் பூட்டு தானாக விழுந்து பிடித்துக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே இது வேறு, அது வேறு என்று சொல்லிவிடலாம்.

"ஏனுங்ணா, இன்னும் எவ்வளவு நேரம் பாப்பீங்க?" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த ஜுபைதா. "முறைச்சுப் பாத்தா கீல் காணாமப் போயிருமா?"

ஜுபைதா குனியமுத்தூரில் காலிப்பர் பட்டறை வைத்திருப்பவள். தன் மெஷின் நின்றுபோன காட்சியைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு, கணபதியில் இருக்கும் சென்னியப்பனின் தொழிற்கூடத்துக்கே வந்துவிட்டாள். அந்தப் படத்தை அவர் பக்கம் திருப்பினாள். மெஷினின் திரையில் பெரிய எழுத்தில் இருந்தது: நிறுத்தப்பட்டது. இது கமலவேணியுடையது.

கமலவேணி சென்னியப்பனின் மனைவி. அவள் இறந்து மூன்றாவது ஆண்டு நடக்கிறது.

"நம்ம பட்டறைல வேலை பாக்கற தனபால் மெஷினுக்கு எலுமிச்சம்பழம் கட்டிட்டான். நான் தர்காவுல ஓதின கயிறு கட்டினேன். ரெண்டுக்கும் அசையல. 'அந்தம்மா உள்ள உக்காந்து பாத்துக்கிட்டு இருக்குது'ன்னு எல்லாரும் பேசறாங்க. எனக்கே ராத்திரியில அந்த ரூமுக்குள்ள போக ஒரு மாதிரியா இருக்குதுங்ணா."

"பேயெல்லாம் இல்லம்மா. சட்டம்."

"எந்தச் சட்டம்ங்ணா? வளைச்ச குழாயில என்ன சொந்தம்? கம்பியை வளைச்சா வளையும். அதுக்கு ஒரு பட்டாவா?"

இந்தக் கேள்வியைச் சென்னியப்பன் பலமுறை கேட்டிருக்கிறார். எப்போதும் சொல்கிற பதிலையே சொன்னார்.

"அந்த வளைவை நீ பிடிச்சுப் பாரு. ஈரக் கையால பிடி."

அவள் பிடித்தாள். அவளை அறியாமலே விரல்கள் மூடிக்கொண்டன.

"வழுக்கலைல்ல? அதுக்காக அவ நாலு வருஷம் வளைச்சா. முதல்ல ரப்பர் உறை போட்டா, அதை எடுத்தா. வரிப்பள்ளம் போட்டா, அதை எடுத்தா. எடுக்க எடுக்கத்தான் அது நல்லா வந்துச்சு. கடைசியில ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆச்சு. சந்தைக்கு வந்த மறுமாசமே தெருவுக்குத் தெரு அதே கைப்பிடி. ஒரு பூவேலை செஞ்சிருந்தா, பாருங்க என் பூன்னு கோர்ட்ல காட்டியிருக்கலாம். இதுல எதைக் காட்டறது? அவ உழைச்சதெல்லாம் எடுத்துப்போட்டதுல இருந்துச்சு. எடுத்துப்போட்டதை எப்படிக் காட்டறது?"

ஜுபைதா கைப்பிடியைக் கீழே வைத்தாள். "சரி. அக்கா உழைச்சாங்க. ஒத்துக்கறேன். அதுக்காக எங்க புள்ளைங்க முழங்காலும் அவங்களுதா? ஒரு தண்டுக்கு அனுமதி வாங்கிட்டா ஆச்சுன்னு வெச்சுக்காதீங்க. ஒவ்வொரு காலுக்கும் வளைவு வேற. புள்ள வளர வளர மறுபடி வேற. ஒவ்வொரு தடவையும் உங்க வாசல்ல வந்து நிக்கட்டுமா? கையால வளைச்சா அளவு நிக்கமாட்டேங்குது. இப்பவே ஒரு புள்ள கட்டில்ல கிடக்குது. பழைய தண்டு பத்தலை, புதுசு செய்ய வழியில்லை. படுத்தே கிடந்தா கால் அப்படியே மடங்கிப் போயிரும். நீங்க உரிமைய விட்டுக் குடுத்திருங்கண்ணா. அவ்வளவுதான் கேக்கறேன்."

சென்னியப்பன் கைப்பிடியையும் தண்டையும் எடுத்துப் பையில் போட்டார். உரிமையை விட்டுக்கொடுத்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"வண்டில ஏறு. வடிவப் பதிவகத்துக்குப் போய்ப் பாக்கலாம்" என்றார்.

போகும் வழியில் அவர் விளக்கிக்கொண்டே வந்தார். பேசாமல் வருவதைவிட அது எளிதாக இருந்தது.

ஒரு பாத்திரத்தில் மயில் செதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், நகலைக் கண்டுபிடிப்பது சுலபம். இறகுக்கு இறகு ஒத்துப் பார்க்கலாம். மயில் தற்செயலாக ஒத்துப்போகாது. ஆனால் எளிய வடிவத்தில் ஒத்துப் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு வளைவும் இன்னொரு வளைவும் எப்போதும் ஏறக்குறைய ஒன்றுதான். 'ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலே நகல்' என்று சட்டம் சொன்னால், முதலில் வளைத்தவருக்கு உலகத்து வளைவெல்லாம் சொந்தமாகிவிடும். 'அச்சு அசலாக ஒன்றாக இருந்தால்தான் நகல்' என்றால், திருடுகிறவன் ஒரு முடியளவு மாற்றித் தப்பித்துவிடுவான். எந்த அளவுகோலும் உதவவில்லை. ஆனால் ஒருவருக்கு மட்டும் தெரிந்தது. செய்தவளுக்கு. கடைத்தெருவில் நடக்கும்போது கமலவேணி சட்டென்று நிற்பாள். "அது என்னுது" என்பாள். பக்கத்திலேயே தொங்கும் இன்னொன்றைக் காட்டினால், "இல்லை, அது வேற யாரோ யோசிச்சது" என்பாள். யோசித்துச் சொல்வதில்லை. பார்த்த கணமே தெரியும்.

"அந்தக் கணத்தைத்தான் பதிவு பண்ணாங்க" என்றார். "செஞ்சவங்களை உக்கார வெச்சு, தலையில வலை மாதிரி ஒண்ணை மாட்டி, ஆயிரக்கணக்குல வடிவங்களைக் காட்டுவாங்க. கண்ணுக்குள்ள போற வெளிச்சத்துல இருந்து, மூளைக்குள்ள 'இது என்னுது'ன்னு துள்ளற வரைக்கும் எல்லாத்தையும் படிச்சு, அதே மாதிரி பாக்கற ஒண்ணைச் செய்வாங்க. அதுக்குச் சாட்சிக்கண்ணுன்னு பேரு. நாட்டுல எந்த மெஷின் எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் அந்தக் கண்ணுக்கு ஒருதரம் காட்டணும்."

"அப்ப மெஷினுக்குள்ள அக்கா இருக்கறது நெசந்தான்" என்றாள் ஜுபைதா.

"அவ இல்ல. அவ பார்வை."

"அதுக்குப் பேரு என்னங்ணா, பேய் இல்லாம?"

அவிநாசி சாலையில் இருந்த பதிவகக் கிளையில் சோதனை அதிகாரி லூர்துசாமி அவர்களை உள்ளே அழைத்துப்போனார். சன்னல் இல்லாத அறை. மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு வெள்ளைத் தட்டு, பக்கத்தில் ஒரு திரை. சென்னியப்பனுக்குப் பழகிய இடம். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருவார். தட்டில் எதையாவது வைத்துவிட்டு நிற்பார். ஒரு டம்ளர், ஒரு சாவி. ஒருமுறை தன் கையையே வைத்தார். 'என்னுடையதல்ல' என்றது திரை. நியாயமான பதில்தான். ஆனாலும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

லூர்துசாமி தண்டைத் தட்டின் நடுவில் வைத்தார். திரை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

என்னுடையது.

"இந்த வடிவத்தை முன்னயே எல்லா விதத்துலயும் பாத்துட்டேன் சார். வெளிச்சத்தை மாத்தினேன், கோணத்தை மாத்தினேன். இது மட்டுமில்ல. ஒரு மடக்கு நாற்காலியோட கால், ஒரு குடைக்காம்பு, பம்புக்கு ஒரு நெம்புகோல். எல்லாத்தையும் 'என்னுடையது'ன்னுது. அதுங்களைச் செஞ்சவங்க எல்லாம் சண்டை போட்டுப் பாத்துட்டு விட்டுட்டாங்க. எங்க ஆபீஸ்ல என்ன சொல்றாங்கன்னா..." லூர்துசாமி நிறுத்தினார்.

"சொல்லுங்க."

"கண்ணுக்கு ஆசை பெருத்துப் போச்சுன்றாங்க சார். தப்பா எடுத்துக்காதீங்க."

"உரிமைய விட்டுட்டா?" என்றாள் ஜுபைதா.

"அன்னிக்கே கண்ணை அழிச்சிருவோம்மா. செத்தவங்க பார்வையைக் காரணமில்லாம வெச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம்."

ஜுபைதா சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வழியெல்லாம் ஏன் அவ்வளவு பேசிக்கொண்டு வந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

சென்னியப்பன் தண்டைக் கையில் எடுத்தார். கீலை ஒருமுறை மடக்கினார், நீட்டினார். பிறகு மனசு ஏதோ நினைப்பில் இருக்க, தட்டின் ஓரத்தில் ஏனோதானோவென்று போட்டார்.

என்னுடையதல்ல.

மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள்.

"அது செல்லாது சார்" என்றார் லூர்துசாமி. "நடுவுல வெச்சாத்தான் சோதனை." தண்டை நடுவுக்குத் தள்ளினார். என்னுடையது. சென்னியப்பன் மறுபடி ஓரத்துக்கு இழுத்தார். என்னுடையதல்ல.

லூர்துசாமி சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார். அதிகாரிக்குரிய முகம் போய், புதிர் கிடைத்தவனின் முகம் வந்தது. ஒரு பென்சிலை எடுத்தார். தண்டை நூல் நூலாக நகர்த்தி, எந்த இடத்தில் பதில் மாறுகிறதோ அங்கே கீலுக்கு நேராக ஒரு புள்ளி வைத்தார். வலப்பக்கம், மேலே, இடப்பக்கம், கீழே. புள்ளிகளை இணைத்தபோது தட்டின் நடுவில், தோசையைக் கோணலாக ஊற்றியதுபோல ஒரு வட்டம் விழுந்தது. கீல் அந்த வட்டத்துக்குள் இருந்தால் 'என்னுடையது'. வெளியே வந்துவிட்டால் 'என்னுடையதல்ல'. வட்டத்துக்கு வெளியிலும் எல்லாத் திசையும் ஒன்றாக இல்லை. வலப்பக்கம் கண் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னது. இடப்பக்கம், கொஞ்சம் கீழே, சட்டென்று சொன்னது.

"நாற்காலிக் காலுக்கு மூட்டு எங்க இருந்துச்சு?" என்று லூர்துசாமி தன்னையே கேட்டுக்கொண்டார். "நடுவுல. குடைக்காம்புக்குப் பொத்தான் நடுவுல. நெம்புகோலுக்கும் நடுவுல." பென்சிலை வைத்தார். "சார், உங்க கட்டைவிரலை நீட்டுங்க."

"எதுக்கு?"

"சொல்றேன். இடது கண்ணை மூடிக்குங்க. வலது கண்ணால சுவத்துல இருக்கற அந்த ஸ்விட்சையே பாருங்க. இப்ப வலது கட்டைவிரலை ஸ்விட்சுக்கு நேரா நீட்டி, மெதுவா வலப்பக்கம் கொண்டுபோங்க. விரலைப் பாக்காதீங்க, ஸ்விட்சைத்தான் பாக்கணும்."

சென்னியப்பன் செய்தார். ஓர் இடத்தில் கட்டைவிரலின் நுனி இல்லாமல் போனது.

"அந்த இடத்துல என்ன தெரியுது?"

"சுவரு தெரியுது."

"ஓட்டை தெரியுதா?"

"இல்லையே."

"அதான் சார். எல்லார் கண்ணுலயும் பார்வையில்லாத ஒரு புள்ளி இருக்கு. ஆனா யாருக்கும் ஓட்டை தெரியாது. சுத்தி என்ன இருக்கோ அதையே வெச்சு மூளை அந்த இடத்தை நிரப்பிடும். சுவருன்னா சுவரு. துணின்னா துணி." அவர் தட்டின் நடுவில் இருந்த வட்டத்தைத் தொட்டார். "மேடத்துக்கு இந்த இடத்துல பார்வை போயிருக்கு. நட்டநடுவுல. இவ்ளோ பெருசா. கீல் அதுக்குள்ள விழுந்தா கீல் காணாமப் போயிருது. மேல ஒரு குழாய், கீழ ஒரு குழாய். நடுவுல மூளை தனக்குப் பழகின வளைவைப் போட்டு இணைச்சிருது. அப்புறம் அவங்க பாக்கறது கீல் வெச்ச தண்டு இல்ல. அவங்களோட கைப்பிடி."

"அவ கண்ணாடிகூடப் போட்டதில்லையே" என்றார் சென்னியப்பன்.

"இந்த வியாதிக்குக் கண்ணாடி உதவாது சார். ஓரப் பார்வை நல்லாவே இருக்கும். நடப்பாங்க, சமைப்பாங்க. எழுத்தைக்கூட ஓரத்தால மெதுவாப் படிச்சிருவாங்க. பதிவு எடுக்கறப்ப நாங்க வெச்ச கண் பரிசோதனையில அப்படித்தான் தப்பிச்சிருக்கணும். பார்வை போகுதுன்னு தெரிஞ்சா பதிவு எடுக்கமாட்டோம். அவங்களுக்கு அது தெரியும்." கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "வீட்டுல உங்க முகத்தைப் பாத்துப் பேசுவாங்களா?"

சென்னியப்பன் அந்த வெள்ளைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி ஓராண்டு அவர்களுக்குள் பேச்சு குறைந்துபோயிருந்தது. சண்டை கைப்பிடியைப் பற்றித்தான். நடுப்பகுதி மெல்லிசாக இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை, அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் தடிமனாக்கலாம் என்று அவர் சொன்னார். "தடிமனாக்கினா விரல் மூடாது. விரல் மூடலைன்னா அது கைப்பிடியே இல்லை" என்றாள் அவள். அவர் விடவில்லை, அவளும் விடவில்லை. அதற்குப் பிறகு அவள் அவர் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். எதிரே உட்கார்ந்திருப்பாள், சாப்பாடு போடுவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். கண் மட்டும் அவருடைய இடது தோளுக்கு மேலே, பின்சுவரில் எங்கோ நிற்கும். இத்தனை வெறுப்பா என்று அவர் நினைத்தார். வைராக்கியமாகத் தானும் அவளைப் பார்ப்பதை விட்டார். ஒருநாள் காலை மாரடைப்பில் போய்ச் சேர்ந்தாள். சில மாதம் கழித்து அவர் நடுப்பகுதியைத் தடிமனாக்கி உற்பத்தியைத் தொடங்கினார். பதிவுக்காகக் கொண்டுவந்து இந்தத் தட்டின் நடுவில் வைத்தபோது, 'என்னுடையது' என்று திரை சொன்னது. அவள் மன்னித்துவிட்டாள் என்று அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

"தோளுக்கு மேல பாப்பா" என்றார். "இந்தப் பக்கத் தோளுக்கு மேல, சுவத்தை."

லூர்துசாமி எழுந்து அவருக்கு எதிரே வந்து நின்று, அவருடைய இடது தோளுக்கு மேலே பார்த்தார். "இப்படியா?"

"ஆமா."

"இப்படிப் பாத்தா உங்க முகம் எனக்குக் கீழ, இடப்பக்கமா விழுது சார். தட்டுல கண்ணு நல்லாப் பாக்கற இடம் அதேதான்." அவர் பார்வையை மாற்றாமலே சொன்னார். "அவங்க உங்களைப் பாக்காம இருக்கலை. நேராப் பாத்தா உங்க முகம் இருக்கற இடத்துல வேற எதையாவது மூளை நிரப்பியிருக்கும். உங்களைப் பாக்கணும்னுதான் கண்ணைத் தள்ளி வெச்சிருக்காங்க."

ஜுபைதா முக்காட்டின் நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள். லென்ஸ் அசையாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கண்ணுக்குத் திரும்ப முடியாது. அதன் முன்னால் எதை வைத்தாலும் சரியாகப் பார்வையில்லாத அந்த வட்டத்தின் நடுவில்தான் வைத்தார்கள்.

சென்னியப்பன் தான் கொண்டுவந்திருந்த கைப்பிடியைப் பையிலிருந்து எடுத்தார். தன் தொழிற்கூடத்தில் இப்போது ஓடுகிற கைப்பிடி. தட்டின் இடப்பக்கம், கொஞ்சம் கீழே வைத்தார்.

என்னுடையதல்ல.

"சார்..." என்றார் லூர்துசாமி.

"அவ கையால வளைச்சதைக் கொண்டுவாங்க. அசல் உங்ககிட்ட இருக்குதில்ல?"

லூர்துசாமி பதிவக அலமாரியிலிருந்து மூல மாதிரியை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார்.

என்னுடையது.

சென்னியப்பன் இரண்டையும் இரண்டு கையில் எடுத்து விரல்களை மூடிப் பார்த்தார். மூலத்தில் விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டது. தன்னுடையதில் தொடவில்லை. இவ்வளவு நாளும் அதைச் செய்து விற்றுக்கொண்டிருந்தவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவளிடம் சரியான இடத்தில் வைத்து யாரும் கேட்கவில்லை.

"அண்ணா" என்றாள் ஜுபைதா மெதுவாக. "எனக்கு என் தண்டுக்கு மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும். உங்க பொழப்புல கை வைக்க நான் வரலை."

"அதைச் செய்யலாம் சார்" என்றார் லூர்துசாமி. "காலிப்பருக்கு மட்டும் விலக்குன்னு போட்டுக்கலாம். கண்ணுக்குக் காட்டற முறையையே மாத்தினா, நாளைக்கு உங்க கைப்பிடியும் மறுசோதனைக்கு வரும். வந்தா நிக்காது. யார் வேணும்னாலும் உங்களுதை நகல் எடுக்கலாம். நீங்க தடுக்க முடியாது. நல்லா யோசிச்சுக்குங்க."

"அசலை நகல் எடுத்தா?"

"அசலை யார் நகல் எடுத்தாலும் கண்ணு பிடிச்சிரும். அது அவங்களுது."

"கண்ணை அழிக்கவேண்டி வராதே?"

"வராது. சாட்சி சரியாத்தான் சொல்லுது. நாமதான் தப்பான இடத்துல காட்டியிருக்கோம்."

சென்னியப்பன் மூல மாதிரியைத் தட்டிலேயே விட்டுவிட்டு, திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். எல்லா மெஷின்களுக்கும் பொதுவாகப் போகும் சோதனைக் குறிப்பை லூர்துசாமி திறந்து கொடுத்தார். ஜுபைதா தன் தண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதன் கீல் ஒருமுறை மடங்கிப் பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. சென்னியப்பன் ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்.

'கமலவேணியின் சாட்சிக்கண்ணுக்கு எந்தப் பொருளையும் நடுவில் காட்ட வேண்டாம். பொருள் முழுவதும் மைய வட்டத்துக்கு வெளியே வரும்படி இடப்பக்கம் தள்ளி, கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டவும். அங்கே வைத்தால் அவருக்குத் தெரிகிறது.'